மனைக்கும் மனெக்கும் நடுவே ஒரு சைட்

மைசூரில் நாங்கள் யாரும் 'மனை வாங்கினோம்' என்று சொன்னதில்லை. சைட் என்றுதான் சொல்வோம். கன்னடக்காரர்கள் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துச் சைட்டு என்பார்கள். தமிழ் வீடுகளிலும் அதுவே வழக்கம். முப்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு அறுபது என்று அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, நம்பர் போட்ட நிலத்துண்டுக்கு இந்த நகரத்தில் வேறு பெயர் கிடையாது. அரசாங்க வேலைக்காரர் இருவர் தெருவில் நின்று பேசினால் சைட். பெண்ணுக்கு வரன் பார்ப்பவர் தரகரிடம் கேட்பது சைட். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குப் பேச்சு தீர்ந்துபோனால், யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார்: "உங்களுக்கு சைட் ஆச்சா?"

திருச்சியிலிருந்து வந்த என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இது முதலில் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தவர், "அத்தான் எங்கக்கா?" என்று கேட்டார்.

"அவர் சைட் பாக்கப் போயிருக்கார்டா. பக்கத்து க்வார்ட்டர்ஸ்காரரும் கூடப் போயிருக்கார்" என்றாள் அம்மா.

மாமா பையைக் கீழே வைக்காமலே நின்றார். "இந்த வயசுலயா? அதுவும் துணைக்கு ஆள் சேத்துக்கிட்டா?"

அவருடைய கல்லூரி வாசலில் சைட் என்பதற்கு வேறு அர்த்தம். அம்மாவுக்கு அது தெரியாது. "வயசு ஆனா என்ன, ரிட்டையர் ஆறதுக்குள்ள ஒண்ணாவது கையில இருக்கணும் அல்வா?" என்று, 'இல்லையா' என்பதற்குக் கன்னட 'அல்வா' போட்டு அவள் சொல்ல, மாமா சுவரில் சாய்ந்து சிரித்தார். அப்பா திரும்பி வந்ததும், "ஏன்ரீ, நல்லா இருந்ததா?" என்று அம்மா கேட்டபோது மாமா வாசலுக்கே ஓடிவிட்டார். புருஷனை 'ரீ' என்று கன்னட வழக்கப்படி அவள் கூப்பிடுவதும் அவருக்கு வேடிக்கை. "என்னக்கா, வண்டி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ரீ ரீங்கற" என்பார். எங்கள் வீட்டில் சைட்டை வைத்து எல்லோரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மாநிலம் மைசூர் என்ற பெயரை விட்டுக் கர்நாடகம் ஆனது 1973 நவம்பர் முதல் தேதி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. அவர் பிறந்ததே மைசூர் ரயில்வே க்வார்ட்டர்ஸில். தாத்தா தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். அவருக்குக் கொடுத்த வீட்டில் அப்பா பிறந்தார், அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி நான் பிறந்தேன். நடுவில் சில வருடங்கள் அரசிக்கெரெயில் இருந்ததைத் தவிர அப்பா இந்த ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. கனவிலும் கன்னடம் பேசுவார் என்று அம்மா சொல்வாள். அது குறை சொல்வதா பாராட்டுவதா என்று அவள் குரலில் தெரியாது.

க்வார்ட்டர்ஸ் என்பது உத்தியோகத்தின் வால். உத்தியோகம் போனால் அதுவும் போகும். அப்பாவுக்கு ஓய்வு எண்பத்தொன்றில். எழுபத்தொன்பதின் இறுதியிலேயே அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அடுப்படிச் சுவரைத் தொட்டு, "இது நம்மதில்ல" என்பாள். முற்றத்துச் செம்பருத்திக்குத் தண்ணீர் விடும்போதும் அதையே சொல்வாள். வீட்டில் எல்லாப் பொருளையும் அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் நகரத்தின் வடமேற்கில், பிற்பாடு விஜயநகர் என்று விரிந்த பக்கத்தில், கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாகக் கல் நட்டார்கள். சொந்த வீடில்லாத சம்பளக்காரர்களுக்கு சைட் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நாங்கள் அந்த அலுவலகத்தை சைட் ஆபீஸ் என்றே சொல்வோம்; அதன் முழுப்பெயர் இங்கே தேவையில்லை. விதி எளிமையானது. இந்த ஊரில் பல வருடம் குடியிருந்தவராக இருக்க வேண்டும். வேறெங்கும் சொந்த வீடோ சைட்டோ இருக்கக் கூடாது. அப்பாவைப் பார்த்துச் செய்த விதி போலிருந்தது. அவர் விண்ணப்பித்தார். விசாரணைக்கு நேரில் கூப்பிட்டார்கள். எனக்கு அன்று இரவு ஷிப்ட். அதனால் பகலில் நானும் கூடப் போனேன்.

அந்த அதிகாரியைப் பற்றிக் குறையாக ஒன்றும் எழுத எனக்கு வழியில்லை. எழுத முடிந்திருந்தால் இத்தனை வருடம் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும். அப்பாவைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று, "கூத்கொள்ளி, யஜமானரே" என்று நாற்காலியைக் காட்டினார். பேச்சு முழுக்கக் கன்னடத்தில் நடந்தது. வேலை, வருடங்கள், குடும்பம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த இரண்டு எழுத்துகளில் முதலாவதைப் பேனாவால் தொட்டார். இது என்ன எழுத்து என்றார்.

இரண்டாவது தாத்தாவின் பெயர். முதலாவது ஊர். தமிழர்களில் பழைய தலைமுறை அப்படித்தான் வைத்துக்கொண்டது. கன்னடக்காரர்களிலும் அந்த வழக்கம் உண்டு. அதிகாரி தன் மேசையிலிருந்த பெயர்ப்பலகையைத் திருப்பிக் காட்டி, தன் முதல் எழுத்தும் ஊர்தான், ஹாசன் பக்கம் ஒரு சின்ன ஹள்ளி என்றார். பிறகு சும்மா, உறவு கொண்டாடும் குரலில் கேட்டார்: "நிம்ம ஸ்வந்த ஊரு யாவ்து?"

சொந்த ஊர் எது? மைசூரில் பிறந்து, மைசூரில் படித்து, மைசூரில் தலை நரைத்த ஒரு மனிதரிடம் கேட்ட கேள்வி. ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்று நினைப்பீர்கள். ஆனால் தமிழரிடம் சொந்த ஊரைக் கேட்டால் அவர் இருக்கும் ஊரைச் சொல்ல மாட்டார். பிறந்த ஊரைக்கூடச் சொல்ல மாட்டார். பாட்டன் விட்டு வந்த ஊரைச் சொல்வார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு நாய்கூட இருக்காது. அதனால் என்ன? அது சொந்த ஊர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கும்பகோணத்துக்குத் தெற்கே அந்தக் கிராமத்தின் பெயரை முழுவதும் சொன்னார். இனிஷியலில் ஒற்றை எழுத்தாகச் சுருண்டு கிடந்தது ஒரு நிமிடம் படமெடுத்தது. காவேரிப் பாசனம் என்றார். உங்கள் ஊர்த் தண்ணீர்தான் எங்கள் ஊருக்கு வருகிறது என்றார். உங்கள் ஊர், எங்கள் ஊர். அதிகாரி ரசித்துக் கேட்டார். அப்போது அப்பா சொன்னார்:

"அல்லி நம்து ஒந்து பாளு மனெ இதெ, சார்."

அங்கே எங்களுக்கு ஒரு பாழ்மனை இருக்கிறது என்று சொல்வதாக அவர் நினைப்பு. இந்த ஒரு வாக்கியத்தை நான் விளக்கியாக வேண்டும். எங்கள் வீட்டில் 'ஊர் பாழ்மனை' என்பது அநேகமாக ஒரு உறவினர் மாதிரி. தாத்தா கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசுவார். தெருவின் கடைசி, கிழக்குப் பார்த்தது, பின்னால் வாய்க்கால். வீடு இடிந்து எத்தனையோ காலமாயிற்று. மனை மட்டும் நிற்கிறது. தமிழில் மனை என்றால் இன்றைக்கு வெறும் நிலம். பாழ்மனை என்றால் எருக்கு முளைத்த நிலம். ஆனால் கன்னடத்தில் மனெ என்றால் வீடு. பாளு மனெ என்றால் பழுதான வீடு. அப்பாவுக்கு இது தெரியாதா? ஒரு நாளைக்கு நூறு தடவை மனெ என்று வீட்டைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் அந்த நிலத்துக்கு அவர் நாக்கில் வேறு பெயர் இருந்ததில்லை. பெற்ற பிள்ளையின் பெயரை யாராவது மொழிபெயர்த்தா சொல்வார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது உறவினரின் பெயராகத்தான் காதில் விழுந்தது.

"மனெ இதெயா?" என்று கேட்டார் அதிகாரி.

"இதெ, சார்."

யார் இருக்கிறார்கள் என்றார். யாரும் இல்லை என்றார் அப்பா. அப்படியானால் ரிப்பேர் செய்துவிட்டு நீங்களே போய் இருக்கலாமே, காவேரிக் கரை, சும்மாவா என்று அதிகாரி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். வெளியே வந்ததும் என்னிடம், "நல்ல மனுஷன். குடும்பஸ்தன்" என்றார். தேவராஜ மொஹல்லாவில் இறங்கி அம்மாவுக்கு மல்லிகைப் பூவும் எனக்குக் கோடுபளே முறுக்கும் வாங்கினார். வெற்றி கொண்டாடியது அவ்வளவுதான்.

சொந்த ஊரில் வீடு உள்ளவர் என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக ஆடி மாதம் தெரியவந்தது. அப்பா மறுபடி ஓடினார், நானும் போனேன். அதிகாரிக்கு நினைவிருந்தது. நீங்களே சொன்னீர்களே என்றார், வருத்தத்தோடு.

"நான் சொன்னது தமிழ் மனை, சார். வீடில்ல. எங்க பாஷையில மனைன்னா சைட்."

அதிகாரி கையை விரித்தார். "சைட் இருந்தாலும் கொடுக்க முடியாதே, யஜமானரே."

அன்றுதான் முதல் தடவையாக அப்பாவுக்குக் கன்னடம் கிடைக்கவில்லை.

அப்போதும் அந்த மனிதர்தான் வழி சொன்னார். அந்தக் கிராமத்தில் உங்கள் பெயரில் வீடோ நிலமோ ஒன்றும் இல்லை என்று அந்த ஊர் அதிகாரியிடம் ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள், நீங்களே நேரில் போய்க் கேட்டு வாங்க வேண்டும், தசரா முடிந்து கணக்கை மூடுவோம், அதற்குள் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மாவிடம் சொன்னபோது அவள் சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, "ஒரு வரி தானே, ரீ?" என்றாள்.

ஒரு வரிதான்.

புரட்டாசியில் கிளம்பினோம், அப்பாவும் நானும். ரயில்வே பாஸ் இருந்தது. பெங்களூரில் மாறி, திருச்சியில் மாறி, கும்பகோணத்தில் இறங்கி, பஸ் பிடித்தோம். அப்பா அந்த ஊருக்கு அதற்கு முன் ஒரே ஒரு முறை, குலதெய்வத்துக்கு எனக்கு முடியிறக்க வந்திருக்கிறார். அன்றும் கோயிலோடு திரும்பிவிட்டார்களாம். ஆனால் பஸ்ஸில் வரும்போது வழி நெடுக எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அங்கே பார், அதுதான் தாத்தா சொன்ன படித்துறை என்றார். அடுத்த திருப்பத்தில் இன்னொரு படித்துறை வந்தது. "இதுவா இருக்கும்" என்றார்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரென்று கேட்டு, உள்ளே ஓடிப்போய்க் கத்தின: "மைசூர்க்காரங்க வந்திருக்காங்க."

பங்காளி முறையில் அப்பாவுக்குத் தம்பியாகவேண்டியவர் வெளியே வந்தார். எனக்குச் சித்தப்பா. துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார். "வாங்கண்ணே. உக்காருங்க. மைசூர்லேருந்து வர்றோம்னு ஒரு கடுதாசி போட்டிருந்தா பஸ்ஸடிக்கே வந்திருப்பேனே. அங்க உங்க ஊர்ல மழை எப்படி? தண்ணி விடுவாங்களா?"

உங்க ஊர்ல. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி குடித்ததும் அப்பா தெருக்கோடிக்கு நடந்தார். கேட்காமலே சரியான இடத்தில் போய் நின்றார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்குப் பார்த்த இடம், பின்னால் வாய்க்கால். ஆனால் எருக்கு இல்லை. ஓடு வேய்ந்த மாட்டுக்கொட்டில், பக்கத்தில் வைக்கோல்போர், முருங்கை மரம். இரண்டு உழவுமாடுகள் எங்களைப் பார்த்து அசைபோட்டன.

"இதுதான நம்ம மனை?" என்றார் அப்பா.

சித்தப்பா ஒரு மாட்டைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "இடம் இதுதாண்ணே. நம்மதுன்னா... உங்க அப்பாரு ரயிலேறுறதுக்கு முன்னாடியே எங்க அப்பாருக்கு எழுதிக் குடுத்துட்டுல்ல போனாரு. உங்கள்ட்ட சொல்லலையா?"

"சொன்னார், சொன்னார்" என்றார் அப்பா.

தாத்தா சொன்னதில்லை. சாகும் வருடம்வரை அந்த மனையில் வடக்கே கிணறு வெட்டுவதா தெற்கே வெட்டுவதா என்று யோசித்தவர் அவர்.

எனக்கு அந்தக் கணத்தில் வந்தது சந்தோஷம். ஒளிக்காமல் சொல்கிறேன். இல்லாததை இல்லை என்று எழுதி வாங்குவதில் இனி ஒரு சிக்கலும் கிடையாது. நான் விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. நாங்கள் பங்கு கேட்க வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"அட, இதுக்காகவாம்மா அம்புட்டுத் தூரத்துலேருந்து? கிராம அதிகாரி அடுத்த தெருவுலதான் இருக்காரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருப்பாரு. உங்க அப்பாவுக்கு இந்த ஊர்ல ஒண்ணுமில்லேன்னு எழுதித் தர்றதுக்கு அவருக்கு என்ன நோவு? ஊரே கையெழுத்துப் போடும். வாங்கண்ணே, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுவோம்."

"வெயில் தாழட்டும்" என்றார் அப்பா.

வெயில் தாழ்ந்தது. அப்பா முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். சித்தப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கொட்டிலில் ஒரு மாடு சாணி போட்டது. சித்தி வந்து அள்ளிக்கொண்டு போனாள். அப்பா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னொரு தடவை வரேன்" என்றார்.

பஸ்ஸில் நான் சண்டை போட்டேன். "ஒரு வரிதானப்பா. அங்க அம்மா உக்காந்திருக்கா."

"அந்த ஒரு வரிய வாங்கி சட்டைப்பையில வெச்சுக்கிட்டு நான் ஊருக்கு வரணுமா?"

"எந்த ஊருக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "வீட்டுக்கு" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். அம்மா பையை வாங்கவில்லை; கையைத்தான் நீட்டினாள். "காகிதம் எங்கரீ?"

"அதிகாரி ஊர்ல இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். "இருந்தார்" என்றேன் நான்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படிக்குப் போய்ச் சாதம் வடித்தாள். தட்டு வைத்தாள். அப்பா முதல் வாய் எடுக்கும்போது, "ஆய்த்து. இனிமே அந்த மனெயிலயே போய் இருங்க" என்றாள். மனெ என்றுதான் சொன்னாள், மனை என்றல்ல. பிறகு தசரா வந்தது. அரண்மனை விளக்குகள் எரிந்தன. யானை அம்பாரி ஊர்வலமான ஜம்பு சவாரிக்கு ஜனம் கூடியது. கூட்டத்தோடு கூட்டமாக அந்தக் கெடுவும் போயிற்று. நீங்களாவது சைட் ஆபீஸில் போய்க் கேளுங்கள் என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினாள். மறுபடி பார்ப்பதற்கு விண்ணப்பித்தவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அப்பா போடவில்லை. ஏன் போடவில்லை என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவுமில்லை.

ஓய்வுக்குப் பிறகு க்வார்ட்டர்ஸைக் காலி செய்து தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், ஒன்றரை அறை வாடகைக்குப் பிடித்தோம். என் சம்பளத்துக்கும் அவர் பென்ஷனுக்கும் அதுதான் கட்டியது. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிலை மண்டி. வெற்றிலை வாடாமலிருக்க நாள் முழுவதும் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரம் இந்தப் பக்கம் கசியும். மழைக்காலம் தொடங்கியதும் சுவரில் சாம்பல் புள்ளிகள் வரும், பிறகு அவை பச்சையாகி ஒன்றோடொன்று சேரும். அம்மா தேங்காய் நாரால் சுரண்டுவாள். அடுத்த வாரம் மறுபடி வரும். மார்க்கெட்டிலிருந்து வெளியேற்றிய பூவும் கீரையும் அழுகும் வாசனையோடு சுவரின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலிக்காரி என் புடவையை மோந்து பார்த்து, "வெயில்ல காயப்போட மாட்டீங்களா, அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா கட்டிலை அந்தச் சுவரோரமே போட்டுக்கொண்டார். வேறு இடமில்லை.

வாசலில் உட்கார்ந்திருக்கும்போது மண்டிச் சுமைக்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். "யாவூரு, சாமி?" என்று கேட்பார்கள். அப்பா அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்வார். உள்ளே நாரால் சுவரைச் சுரண்டும் சத்தம் அப்போது கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

எண்பத்தொன்பதில், கார்த்திகையில், அவர் அந்தச் சுவரைப் பார்த்தபடியே இறந்தார்.

சொற்களின் வேரைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகப் பிடிக்காத காலைகளில் நூலகம் திறக்கக் காத்திருப்பேன். சைட் என்ற சொல்லைத்தான் முதலில் எடுத்தேன். அது ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனில் ஸிடுஸ். வைக்கப்பட்டது, கிடப்பது, கிடக்கும் நிலை என்று பொருள். விடு, விட்டுவை என்னும் வினையோடு அதைச் சேர்க்கிறார்கள். நம்முடைய இடு என்ற வினையிலிருந்து இடம் வந்தது என்று சொல்வது நினைவுக்கு வந்தது. எங்கும் மனிதன் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறான் என்று கொஞ்சம் மகிழ்ந்துகூடப் போனேன். அடுத்த வரியைப் படிக்கும்வரை.

ஸிடுஸ் என்று அதே எழுத்துகளில் லத்தீனில் இன்னொரு சொல் இருக்கிறது. ஒரு பொருள் கவனிப்பாரின்றி ஒரே இடத்தில் வெகுகாலம் கிடந்தால் அதன்மேல் பிடிப்பது: துரு, பாசி, பூஞ்சணம். இரண்டும் ஒரே சொல்தான், கிடந்ததனால் பிடித்தது என்கிறார்கள் சிலர். வேறு வேறு என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் வழக்கில்லை. எங்களுக்கு முதல் பொருள் ஒதுக்கப்படவில்லை. இரண்டாவது வடக்குச் சுவரில் ஒதுக்கப்பட்டது.

மனையையும் விடவில்லை. மன் என்றால் நிலைத்திருப்பது. மனை நிலைத்து வாழும் இடம். பழைய தமிழில் மனை என்றால் வீடுதான். மனைவி என்ற சொல்லிலேயே அந்த வீடு இருக்கிறது. பிற்காலத்தில் நாம்தான் கூரையையும் சுவரையும் கழற்றிவிட்டு வெறும் தரையை மனை என்கிறோம். கன்னடம் வீட்டை வீடாகவே வைத்துக்கொண்டது. அதாவது அந்த அதிகாரி தப்பாகக் கேட்கவில்லை. பழந்தமிழின்படி அவர் கேட்டதே சரி. அப்பா இருந்தபோது இதைக் கண்டுபிடித்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு கோபம் இருந்தது.

கடன் வாங்கி விஜயநகரில் ஒரு மாடி வீட்டை நான் கிரயம் முடித்தபோது அம்மாவுக்கு அறுபத்தேழு. சைட் அல்ல, இன்னொருவர் சைட்டில் இன்னொருவர் கட்டியதன் மேல்பாதி. கேழ்வரகுக் கொல்லை இருந்ததற்கு அடையாளமே இல்லை. ஸ்கூட்டர்களும், சங்கு ஊதும் பென்ஷன்காரர்களும், வாசலில் கார் துடைப்பவர்களும். சுவரெல்லாம் காய்ந்த சுவர். முதல் மழைக்காலம் முழுவதும் அம்மா உள்ளங்கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை, பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மாள், மண்டியாப் பக்கத்துக்காரி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேச்சுக் கொடுத்தாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"நிம்ம ஸ்வந்த ஊரு யாவ்துரீ?"

அம்மா பிறந்தது திருச்சி. வாழ்ந்தது மைசூர். அவள் கொஞ்சமும் தயங்காமல் அப்பாவின் கிராமத்தைச் சொன்னாள். அவள் கண்ணால் சரியாகப் பார்க்காத ஊர், எந்த ஊரைச் சொன்னதால் பத்து வருடம் சுவர் சுரண்டினாளோ அந்த ஊர். அதோடு விடவில்லை.

"அல்லி நம்து மனெ இத்துரீ" என்றாள்.

நான் களைவதை நிறுத்தினேன். இதெ என்று சொல்லவில்லை, இத்து என்றாள். இருக்கிறது அல்ல, இருந்தது.

"ஈக?" என்று கேட்டாள் அந்த அம்மாள். இப்போது?

"ஈக ஏனூ இல்ல."

இப்போது ஒன்றும் இல்லை. அப்பா எழுதி வாங்க மாட்டேன் என்ற அதே வரி. அம்மா அதை வாயால் சொல்லிவிட்டு, கொடியிலிருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று மோந்து பார்த்து, தோளில் போட்டுக்கொண்டாள்.